மஞ்சள் காய்ச்சல் ஊசியும் அந்த மஞ்சள் கார்டும்: என் அனுபவம்

கென்யா போறதுக்காக ஒரு கவர்மென்ட் சென்டர்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டேன். பாஸ்போர்ட் பாத்து, முட்டை அலர்ஜி இருக்கான்னு கேட்டு, ஊசி போட்டு அரை மணி நேரம் உக்கார வச்சு, ஊசி போட்டதுக்கு சான்றான மஞ்சள் கார்டு குடுத்தாங்க, நர்ஸம்மா ரொம்பப் பொறுமை. ஆனா பாஸ்போர்ட் நம்பர்ல ஒரு எழுத்து தப்பு! அடிச்சுத் திருத்தினா கார்டு செல்லாமலே போகலாம், அதனால புதுசாவே எழுதி வாங்கிட்டேன், நீங்களும் அங்கேயே செக் பண்ணிடுங்க.

ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் கார்டு செல்லும், கடைசி நேரத்துல ஓடாதீங்க. முன்னாடி 10 வருஷம்தான் செல்லும், 2016 ஜூலைல இருந்து ஆயுசுக்கும் ஒரே கார்டு. கார்டு இல்லாம அங்கிருந்து திரும்பி வந்தா இங்க 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. அது சரிதான், நோயைப் பரப்புற ஏடிஸ் கொசு நம்ம ஊர்ல நிறைய, நோய் மட்டும்தான் இன்னும் வரல.

எனக்குப் பிடிச்சதே இதான், உலக சுகாதார நிறுவனத்தோட 2005 சர்வதேச சுகாதார விதிகள்படி எல்லா நாட்டுக்கும் ஒரே கார்டு. கோவிட் டைம்ல இந்த ஒழுங்கு இல்லவே இல்ல, 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா ஒமிக்ரான்ங்கிற புது கோவிட் வகை பத்தி நேர்மையா சொன்ன ரெண்டே நாள்ல பல நாடுங்க அவங்க விமானத்தை நிறுத்திட்டாங்க, அது இன்னும் மனசுக்கு வலிக்குது.

சென்டருக்கு 5க்கு 4. ஒரிஜினல் பாஸ்போர்ட் மறக்காம எடுத்துட்டுப் போங்க.