நியூ ஹாம்ப்ஷயருக்கு மூட்டை கட்டலாமா? ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட் எப்படி

அரசின் தலையீடு இல்லாத ஊரை நாமே அமைத்துக்கொள்வோம் என்று கிளம்பிய லிபர்டேரியன்கள் பலரும் நிலம் தேடித்தான் சறுக்கினார்கள். 1972இல் பசிபிக் கடலின் மினர்வா பவளத்திட்டில் மணலைக் கொட்டிக் குடியரசு அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே டோங்கா மன்னர் ஆட்களோடு வந்து கொடியை இறக்கிவிட்டார். 2015இல் டான்யூப் கரையில் அறிவிக்கப்பட்ட லிபர்லாந்தில் குடியேறப் போனவர்களைக் குரோவேஷியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஃப்ரீ ஸ்டேட் ப்ராஜெக்ட் போட்ட கணக்கு வேறு. புது நாடெல்லாம் வேண்டாம், அமெரிக்காவில் இருக்கிற சின்ன மாநிலம் ஒன்றில் கும்பலாகக் குடியேறி ஓட்டுப் போடுவோம் என்பதுதான் அது. இந்த வகையறாவில் இன்றுவரை ஓடுவது என்று துணிந்து சொல்லக்கூடியவற்றில் இது ஒன்று.

2001இல் இதை முன்வைத்தவர் ஜேசன் சோரன்ஸ், அப்போது யேலில் ஆய்வு மாணவர். மக்கள்தொகை 15 லட்சத்துக்குக் கீழே உள்ள 10 மாநிலங்களைப் பட்டியலிட்டு, 2003இல் உறுப்பினர்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் ஜெயித்தது, வயோமிங் இரண்டாவது. அங்கே ஆள் குறைவு, ஆனால் வேலையும் குறைவு. நியூ ஹாம்ப்ஷயரின் தென்பகுதியிலிருந்து பாஸ்டன் ஒரு மணி நேரம்தான். 20,000 பேர் கையெழுத்துப் போட்டதும், ஐந்தாண்டுக்குள் எல்லோரும் குடிபெயர வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த எண்ணிக்கை 2016 பிப்ரவரியில்தான் எட்டியது, ஐந்தாண்டுக் கெடுவும் முடிந்தது. போட்ட கையெழுத்துக்கும் வந்து இறங்கிய லாரிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி. மீறினால் தண்டம் கிடையாது. கட்டாயப்படுத்துவது கொள்கைக்கே விரோதம் அல்லவா!

அப்படியும் பலித்ததற்குக் காரணம் அந்த மாநிலத்தின் சட்டமன்றம். 14 லட்சம் மக்களுக்குக் கீழவையில் 400 உறுப்பினர்கள், அதாவது 3,500 பேருக்கு ஒருவர். சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். வேட்புமனுக் கட்டணம் நெடுங்காலம் 2 டாலராகவே இருந்தது. இரண்டாண்டு மாநிலத்தில் வசித்திருந்தால் போதும், நிற்கலாம். தெருத்தெருவாகக் கதவு தட்டியே ஜெயித்துவிடக்கூடிய தொகுதிகள். இப்படி வந்து குடியேறிய ஜேசன் ஆஸ்போர்ன் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராகவே ஆகிவிட்டார்.

வரிக் கணக்கை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, பொது விற்பனை வரி இல்லை, வட்டி, ஈவுத்தொகை மீதிருந்த வரியும் 2025 ஜனவரி 1 முதல் போய்விட்டது. இவ்வளவும் நிஜம். ஆனால் அந்தச் சுமையில் பெரும்பகுதி சொத்து வரியாக வீட்டின் தலையில் விடிகிறது. ஆயிரம் டாலர் மதிப்புக்கு 20 டாலர் வீதம் உள்ள ஊரில் 4 லட்சம் டாலர் வீடு என்றால் வருஷத்துக்கு 8,000 டாலர். வீதம் ஊருக்கு ஊர் மாறும், பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகும். வாடகைக்குப் போனாலும் அது வாடகையில் ஒளிந்திருக்கும். புது காரின் பட்டியல் விலை 30,000 டாலரானால் முதல் வருஷப் பதிவுக்கு ஊராட்சிக்கு மட்டும் 540 டாலர். பிறகு ஆண்டுதோறும் குறையும். எல்லை தாண்டி மாசசூசெட்ஸில் வேலை பார்த்தால் அந்த மாநிலம் 5% பிடித்துக்கொள்ளும். ஓட்டலில் சாப்பிட்டால் 8.5%.

சுதந்திரப் பட்டியலிலும் ஓட்டைகள் உண்டு. பெரியவர்களுக்கு சீட் பெல்ட், ஹெல்மெட் கட்டாயமில்லை, கார் இன்ஷூரன்ஸ்கூடக் கட்டாயமில்லை. ஆனால் விஸ்கி விற்பது அரசுக் கடைதான், நம்ம ஊர் டாஸ்மாக் போல! சுற்றியுள்ள மூன்று மாநிலங்களிலும் சட்டபூர்வமான பொழுதுபோக்குக் கஞ்சா இங்கே மட்டும் இல்லை.

உண்மையில் கோளாறு ஆரம்பிப்பது, பட்ஜெட்டை வாக்காளர்களே நேரில் வந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் ஊர்க்கூட்டத்தில். சுமார் 800 பேர் வாழும் கிராய்டனில் 2022 மார்ச் கூட்டத்தில் 34 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். குடியேறிய ஒருவர் எழுந்து, 17 லட்சம் டாலர் பள்ளி பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டச் சொன்னார். ஆதரவாக 20, எதிராக 14 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதை மாற்றச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம், ஆனால் பதிவான வாக்காளர்களில் பாதிப்பேராவது வந்து ஓட்டுப் போட்டால்தான் செல்லும். ஊரின் மற்றவர்கள் வீடு வீடாக அலைந்து ஆள் திரட்டினார்கள். மே மாதம் முடிவு: பட்ஜெட்டைத் திரும்ப வைக்க 377, எதிர்த்து 2. வெட்ட விரும்பியவர்கள் வராமலிருந்தாலே கூட்டம் செல்லாது என்று வீட்டிலிருந்ததும் அந்த 2க்கு ஒரு காரணம். ஆனால் அந்த உத்தியும் தோற்றது. ஆள் வராத கூட்டத்தில் கிடைக்கும் வெற்றி, அக்கம்பக்கத்தார் வரும்வரைதான் நிற்கும். பத்து ஆண்டில் வெட்ட வேண்டியதை ஒரே இரவில் வெட்டினால் இப்படித்தான்.

கிராஃப்டன் இதைவிடப் பழைய பாடம். நிலப் பயன்பாட்டு விதிகள் இல்லாத, ஆயிரத்துச் சொச்சம் பேர் ஊர் என்று 2004 முதல் அங்கே போய் இறங்கினார்கள். குப்பையை அவரவர் பாடு என்று விட்டதும், சிலர் கரடிக்கே தீனி போட்டதும் சேர்ந்து, கரடிகள் வாசற்படி வரை வரத் தொடங்கின. செலவைக் குறைக்கலாம், கரடிக்கு அது தெரியாது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் ஹெச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதிப் பயன் கூட இல்லை. வரி மிச்சமாகும், ஓட்டு கிடையாது. யாராக இருந்தாலும் வந்து இறங்கிய 60 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்ற வேண்டும். வண்டிக்கு முதலில் ஊர் அலுவலகம், பிறகுதான் மாநிலம். முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள். ஜூனில் லங்காஸ்டர் முகாம் மைதானத்தில் இந்த அமைப்பினர் நடத்தும் போர்க்ஃபெஸ்ட் திருவிழாவுக்குப் பலரும் போய் மயங்கி முடிவெடுக்கிறார்கள். அங்கே எல்லோரும் ஒத்த கருத்துக்காரர்கள். வீடு வாங்க நினைக்கும் ஊரின் மார்ச் கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாயையொட்டி நடக்கும், பனி இருக்கும், நல்ல பூட்ஸ் வேண்டும்.