மூன்றாம் பிரிவு ஐஸ் ஹொக்கி நேரலை: கல்லடியிலிருந்து

20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் மூன்றாம் பிரிவு ஆட்டங்களை இணைய நேரலையில்தான் பார்க்கிறேன். மேல்பிரிவை விட எனக்கு இதுவே பிடிக்கும். முதலிடம் வந்தால் மேலே ஏறலாம் என்பதால் பொடியன்கள் கடைசி நிமிடம் வரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2020 இல் பல்கேரியாவின் சோபியாவில் ஐஸ்லாந்து அப்படித்தான் ஏறியது. என்ன ஓட்டம் அது!

போனில் பார்த்தால் பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு கண்ணில் படாது, ரீவியில் போடுங்கள். ஆட்டம் 60 நிமிடம்தான், ஆனால் இடைவேளைகளோடு இரண்டு மணித்தியாலம் தாண்டும், டேட்டாவும் அதற்கேற்ப கரையும். ஜனவரியில் சோபியாவில் இரவு 8 மணிக்கு ஆட்டம் என்றால், இங்கே மட்டக்களப்பில் இரவு 11.30. மறுநாள் வேலை இருந்தாலும் சரி, நான் முழுதாகப் பார்ப்பேன். வர்ணனை சுமார். கோல்காப்பாளர்களுக்காகவே ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.