இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த கதை

எங்கள் தெரு முனை ஸ்கேன் சென்டரில் காலை 6 மணிக்கே எடுத்துவிட்டார்கள். அரைஞாணில் கிடந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றினேனா என்று டெக்னீஷியன் இரண்டு முறை கேட்டார்; அந்தக் கவனம் பிடித்தது. காதில் பஞ்சு வைத்தும் 25 நிமிடம் தகரத்தில் சுத்தியல் அடிக்கிற சத்தம்தான். சாயங்காலம் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட் மறுநாள் மதியம் வந்தது. எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகில் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு) இடப்பக்கம் பிதுங்கியிருக்கிறதாம். வயிற்றைக் கலக்கிவிட்டது.

எலும்பு டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு என் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை மேலே மடக்கச் சொன்னார். பிதுக்கம் இடப்பக்கம், எனக்கு வலியோ வலது காலில்; இரண்டும் பொருந்தவில்லையே! வலியே இல்லாத 40 வயதுக்காரர்களிலும் சுமார் பாதிப் பேருக்கு ஸ்கேனில் இப்படிப் பிதுக்கம் தெரியுமாம். சரி, இப்போது பிசியோதெரபி போகிறேன். படத்துக்கு நான்கு நட்சத்திரம், ரிப்போர்ட் தாமதத்துக்கு இரண்டு.