கோபுரமா, குழாயா, மிஸ்டு காலா? செட்டிநாட்டு ஊர்களுக்கு எது எடுபடும்

ஊருக்குள் ஒரு சேதி போய்ச் சேர இன்று நான்கு வழி இருக்கிறது: சமுதாய வானொலி (உள்ளூர் அமைப்பு உரிமம் வாங்கி நடத்தும் சிறு எஃப்எம்), குழாய் ஸ்பீக்கர், வாட்ஸ்அப் குரல்பதிவு, மிஸ்டு கால் கொடுத்துக் கேட்கும் தானியங்கிக் குரல் சேவை. தண்டோராவை 2022-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது அரசு. அது கணக்கில் இல்லை.

இவற்றில் எது உசத்தி என்பதைவிட, கேட்பவர் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர் கை கண்ணாடித் தட்டில் வைத்த அச்சுக்குள் வண்ணக் கலவை ஊற்றிக்கொண்டிருக்கும். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் கை தறியில். இவர்கள் வாட்ஸ்அப் திறப்பது வேலை முடிந்த பிறகுதான். அதற்குள் குரூப்பில் நாற்பது குட்மார்னிங் படம் சேதியை மூடியிருக்கும். வானொலிக்குக் காது போதும்.

ஆனால் வானொலியின் எல்லை சிறியது. விதிப்படி வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட், ஆன்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். 10 முதல் 15 கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். காரைக்குடியில் கோபுரம் நட்டால் கோட்டையூர், பள்ளத்தூர், குன்றக்குடி உள்ளே வரும். தேவகோட்டையை நம்ப வேண்டாம். இந்த எல்லையையும் பலர் டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்கு ஏறும் கேபிளிலேயே தொலைக்கிறார்கள். 40 மீட்டருக்கு மலிவான ஆர்ஜி-213 ரகக் கேபிள் போட்டால், 50 வாட் டிரான்ஸ்மிட்டரின் திறனில் ஏறக்குறைய பாதி வழியிலேயே சூடாகிக் கரையும். அரை அங்குல ஃபோம் கேபிளில் இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான். அடுத்த வில்லன் ஐப்பசி மழை. கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் அலை திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். ரேஞ்ச் போச்சு என்று புது டிரான்ஸ்மிட்டருக்கு விலை கேட்கும் முன் கோபுரத்தில் ஆளை ஏற்றிக் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கேட்பவர் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. செல்போன் எஃப்எம் பலவற்றுக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் செருகாவிட்டால் கரகரப்புதான்.

இன்னொரு கட்டு, சொந்தச் செய்தி கூடாது என்பது. அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை; அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். அதை நம்பிச் சம்பளக் கணக்குப் போடாதீர்கள்.

குழாய் ஸ்பீக்கர் சில நூறு மீட்டர்தான், ஆனால் யாரும் தப்ப முடியாது. கண்மாய் மடை திறக்கும் நேரம், தடுப்பூசி முகாம் போன்ற உடனடிச் சேதிக்கு இதை அடிக்க ஆளில்லை. நீள ஒயரில், வீட்டு ஸ்பீக்கருக்குப் போல, நேரடி 8 ஓம் இணைப்பு கொடுத்தால் கடைசிக் குழாய் முனகும். 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையரும் குழாய்க்கு ஒரு டிரான்ஸ்பார்மரும் வேண்டும், சவுண்டு சர்வீஸ்காரரிடம் கேட்டாலே தெரியும். இரவு 10 முதல் காலை 6 வரை தடை. நள்ளிரவில் கலுங்கு உடைவது போன்ற பொது அவசரத்துக்கு மட்டும் விலக்கு.

மிஸ்டு கால் சேவையில்தான் ஊர் திருப்பிப் பேசுகிறது. சாதா போன் போதும். சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா 2010 முதல், கூலி வராதது, கைப்பம்பு பழுது என்று மக்கள் சொன்னதைப் பதிந்து கேட்க வைத்தது. வானொலி தொட முடியாத இடம் அது. திருப்பி அழைக்கும் செலவு நடத்துபவருக்கு: 400 பேர் 3 நிமிடம் கேட்டால் 1,200 நிமிடம், அதுவும் ஒரே நாளில். ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்பதோடு மெனு நிற்கட்டும். மூன்றாவது எண் வந்ததும் ஆச்சிமார் போனை வைத்துவிடுவார்கள்.

எங்கள் தீர்ப்பு: தினம் இரண்டு மணி நேரம் புதிய நிகழ்ச்சி தர ஆளில்லாதவர்கள் வானொலிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். பாம்பனின் கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் மீனவரையே மையமாக வைத்துப் பேசுகிறது. இங்கேயும் கண்மாய்ப் பாசனக்காரர், நெசவாளர் என்று ஒரு கூட்டத்தைப் பிடித்துத் தொடங்குங்கள். முதல் ஆறு மாதம் மிஸ்டு கால் மட்டும். அதில் பதிவாகும் குரல்களை வகைபிரித்து வையுங்கள். உரிமம் வரும் நாளில் அலமாரி நிறைய நிகழ்ச்சி இருக்கும்.