இரண்டு காட்ஸில்லா, மூன்று பேய்

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் தங்க வந்த அக்கா மகன், பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டான்: "மாமா, சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரே ஒரு படம்தான்னு அம்மா சொல்லிட்டாங்க. பேய்ப் படம் போடுவோமா, காட்ஸில்லா போடுவோமா? காட்ஸில்லான்னா எந்தக் காட்ஸில்லா?" அவனுக்கு 13 வயது.

இந்த வகைப் படங்களை இருபது வருடங்களுக்கு மேலாக விடாமல் பார்த்து வருகிறேன். திடீரென்று முகத்தைக் காட்டி அலற வைப்பதை நான் பயமாகவே எண்ணுவதில்லை. பக்கத்தில் யாராவது பட்டாசு வெடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடும். நான் பார்ப்பது ஒன்றுதான். பேயோ பூதமோ வருவதற்கு முன்னால், படத்தில் இருக்கும் வீட்டுக்குள் என்னை உட்கார வைத்தார்களா? அங்கே யார் சமைக்கிறார்கள், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, குழந்தை எந்த மூலையில் படுக்கிறது என்று தெரிந்த பிறகு கதவு தட்டப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தெரியாத வீடு இடிந்தால் புகைதான் தெரியும்.

காட்ஸில்லாவிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று, தகாஷி யமசாகி இயக்கி 2023 நவம்பர் 3-ல் ஜப்பானில் வெளியான ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. மற்றது, ஆடம் விங்கார்ட் இயக்கி 2024 மார்ச்சில் வந்த ‘காட்ஸில்லா எக்ஸ் காங்: தி நியூ எம்பயர்’. அமெரிக்கப் படத்தை மிட் வேலியில் பெரிய திரையில், நிறைந்த அரங்கில் பார்த்தேன். ஜப்பான் படத்தை வீட்டில் நெட்ஃபிளிக்ஸில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். நியாயப்படி பெரிய திரையில் பார்த்ததுதான் என்னை உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் கெட்டது வீட்டில் பார்த்த படத்தால்தான்.

முதல் காரணம் உயரம். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். தைப்பூசத்தன்று அடிவாரத்தில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு உடம்பிலேயே பதிந்திருக்கும். யமசாகியின் காட்ஸில்லா ஏறக்குறைய 50 மீட்டர், சிலையைவிட ஓர் இரண்டு மாடி அதிகம். 1954-ல் இஷிரோ ஹோண்டா எடுத்த முதல் படத்திலும் அதே 50 மீட்டர்தான். அமெரிக்கக் காட்ஸில்லாவோ 100 மீட்டரையும் தாண்டி வளர்ந்துவிட்டது. பெரிதானால் பயமும் பெரிதாகும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மிருகம் குனிந்தால் அதன் கண் என்னைத் தேடுகிறது. நூறைத் தாண்டிவிட்டால் அதற்கு நான் எறும்பு. எறும்பு மிதிபடுவதற்கு யாரும் அழுவதில்லை. படம் எடுத்தவர்களே அந்த மனிதர்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். ‘மைனஸ் ஒன்’ படத்தின் நாயகன் ஷிக்கிஷிமா இரண்டாம் உலகப் போரில் ஒரு தற்கொலைப்படை விமானி. விமானம் பழுது என்று பொய் சொல்லி ஓடோ தீவில் இறங்கி உயிர் தப்பியவன். குண்டு விழுந்து சாம்பலான தோக்கியோவுக்குத் திரும்புகிறான். அங்கே நோரிக்கோ என்ற பெண் ஒரு கைக்குழந்தையோடு வந்து ஒண்டிக்கொள்கிறாள். குழந்தை அவள் பெற்றதும் அல்ல. ரத்த சொந்தமே இல்லாத மூன்று பேர் ஒரு தகரக் குடிசையில். கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை அகற்றும் வேலை அவனுக்குக் கிடைக்கிறது. காந்தக் கண்ணிகள் என்பதால் மரப்படகில்தான் போக வேண்டும். அந்தச் சம்பளத்தில் குடிசை கொஞ்சம் கொஞ்சமாக வீடாக மாறுகிறது. குழந்தை அவனை அப்பா என்கிறது. நான் உன் அப்பா இல்லை என்கிறான். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் காட்ஸில்லா தோக்கியோவின் கின்சா பகுதிக்குள் நுழைகிறது.

அந்த ஒரு காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வால் பக்கத்திலிருந்து முதுகு முட்கள் ஒவ்வொன்றாக, துப்பாக்கியில் தோட்டா ஏற்றுவதுபோல, டக் டக்கென்று வெளியே தள்ளுகின்றன. நீல ஒளி வாலிலிருந்து கழுத்துவரை ஏறுகிறது. கடைசி முள்ளும் வெளியே வந்ததும் ஒரு மூச்சு நேரம் எல்லாம் நிற்கிறது. பிறகு அத்தனை முட்களும் ஒரே சமயத்தில் உள்ளே அமுங்க, வாயிலிருந்து கதிர் பாய்கிறது. வெடிப்பின் காற்று ஒரு முறை வெளியே அடிக்கிறது, அடுத்து உள்ளே இழுக்கிறது. காளான் மேகம் எழும்புகிறது. கறுப்பு மழை பெய்ய, ஷிக்கிஷிமா அதில் மண்டியிட்டு அலறுகிறான். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு பெய்தது அந்த மழைதான், ஜப்பானியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. அதே வருடம் நவம்பரில்தான் முதல் காட்ஸில்லா வெளிவந்தது. அது பிறந்ததே அந்தச் சாம்பலிலிருந்துதான்.

இத்தனையையும் செய்தது ஏறக்குறைய 35 பேர் கொண்ட விஎஃப்எக்ஸ் (காட்சி ஜாலம்) குழு. மொத்தம் 610 ஷாட். இயக்குநரே மேற்பார்வையாளராகவும் உட்கார்ந்ததால், ஒரு அலை சரியில்லை என்றால் அங்கேயே சொல்லி அங்கேயே திருத்த முடிந்தது. 2024-ல் ஆஸ்கர் விருதும் அந்தக் குழுவுக்கே போனது. எழுபது வருட காட்ஸில்லா வரலாற்றில் அதுதான் முதல் ஆஸ்கர். கடலில் அந்த மரப்படகைக் காட்ஸில்லா துரத்தும் காட்சியைப் பார்த்தால் விருது எதற்கென்று கேட்கத் தோன்றாது.

ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஜப்பான் அரசு தன் சொந்த மக்களின் உயிரை மலிவாக எண்ணியதைப் படம் துணிந்து சொல்கிறது. நல்லது. ஆனால் 1942, 43-ல் சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே புதைந்தவர்கள் எத்தனையோ பேர். என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர்தான், திரும்பவில்லை. மற்ற நாட்டு மக்களுக்கு நடந்ததைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு வார்த்தையும் என் கண்ணில் படவில்லை. ஷிக்கிஷிமாவுக்காக அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு மூலை அழ மறுத்தது. இந்த ஊர்த் தமிழர்கள் பலருக்கு இது தோன்றும் என்றே நினைக்கிறேன். இருந்தும் என் ஓட்டு இந்தப் படத்துக்குத்தான்.

அமெரிக்கப் படத்தை மட்டம் தட்டவும் எனக்கு மனம் இல்லை. அதில் மனிதர்கள் வரும் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை, அவர்கள் நடப்பதை விளக்கிச் சொல்வதற்காகவே இருக்கிறார்கள். ஆனால் ராட்சதக் குரங்கு காங் தனியாக இருக்கும் பகுதி வேறு. பல் வலியால் துடிக்கிறான், தன் இனத்தைத் தேடி அலைகிறான், சுக்கோ என்ற குட்டிக் குரங்கு முதலில் அவனை ஏமாற்றிப் பிறகு அவனோடு ஒட்டிக்கொள்கிறது. பாறை சுமக்கும் அடிமைக் குரங்குகளை எலும்புச் சாட்டையோடு ஆளும் ஸ்கார் கிங், வலியைக் காட்டியே அடக்கி வைத்திருக்கும் பனி மிருகம் ஷிமோ. அந்த நேரங்களில் வசனமே இல்லை. திரைக்குக் கீழே வழக்கமாக ஓடும் மலாய், சீன எழுத்துகளும் இல்லை. மிட் வேலி அரங்கில் மூன்று இனப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் சிரித்தார்கள், ஒரே இடத்தில் அடங்கினார்கள். அது சாதாரணக் காரியம் அல்ல. காங்குக்கு ஒரு வீடு இருக்கிறது, அதனால் அவன் பகுதி உயிரோடு இருக்கிறது. காட்ஸில்லாவுக்கு ரோமில் கொலோசியத்துக்குள் பூனைபோலச் சுருண்டு தூங்க ஓர் இடம் மட்டும்தான் கொடுத்தார்கள்.

இனிப் பேய்கள்.

நம் தமிழ்ப் பேய் நியாயம் கேட்டு வருகிற பேய். 2011-ல் வந்த ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இருக்கும் பழைய கொலிசியம் திரையரங்கில் பார்த்தேன். முதல் பாதி முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள், சரத்குமார் வரும் பிளாஷ்பேக் முடிந்ததும் பேயின் கட்சிக்கு மாறிவிட்டார்கள். "அவனை விடாதே!" என்று ஓர் அம்மா திரையைப் பார்த்துக் கத்தினார். அநியாயமாகச் செத்தவர் தெய்வமாக நிற்பது நமக்குப் புதிதல்ல. ஊர் எல்லையில் இருக்கும் பாதிச் சாமிகளுக்குப் பின்னால் அப்படி ஒரு சாவு இருக்கிறது. அந்த உணர்ச்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் பேயின் பக்கம் நியாயம் வந்த கணத்தில் பயம் கிளம்பிப் போய்விடுகிறது. வில்லன் மட்டும்தான் பயப்பட வேண்டும், நான் எதற்கு? அதன் பிறகு வந்த எத்தனையோ படங்கள் பெரிய வீடு, காமெடிக் கூட்டம், குத்துப்பாட்டு, பிளாஷ்பேக் என்று அதே வரிசையில் நடந்து அந்த உணர்ச்சியையும் தேய்த்துவிட்டன. 2015-ல் அஜய் ஞானமுத்து எடுத்த ‘டிமான்ட்டி காலனி’ அந்தக் கூட்டத்தில் சேராதது. நான்கு நண்பர்கள், ஓர் அறை, வெளியே போக வழியில்லை. பாதிக்கு மேல் நான் பேசவே இல்லை.

இந்தோனேசியப் பேய் கடன் வசூலிக்க வருகிறது. ஜோக்கோ அன்வாரின் ‘பெங்காப்டி சேத்தான்’ (2017) ஒரு பழைய படத்தின் மறு ஆக்கம், கதை நடப்பது 1981-ல். ஒரு காலத்தில் பாடகியாக இருந்த அம்மா மூன்று வருடங்களுக்கு மேலாகப் படுத்த படுக்கை. பேச முடியாது. தேவை என்றால் கையில் இருக்கும் சின்ன மணியை ஆட்டுவார். மணிச் சத்தம் கேட்டால் பிள்ளைகளில் ஒருவர் மாடிக்கு ஓட வேண்டும். மருத்துவச் செலவுக்குப் பணமில்லை, பாட்டுக்கு வர வேண்டிய தொகையும் வரவில்லை, வீட்டையும் அடகு வைத்தாயிற்று. நோயாளி இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் களைப்பு தெரியும். பாசமும் இருக்கும், எப்போது முடியும் என்ற நினைப்பும் இருக்கும், அப்படி நினைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வும் இருக்கும். அம்மா இறந்து அடக்கமும் முடிந்த பிறகு மாடியில் மறுபடி மணி அடிக்கிறது. கூச்சிங்கில் பிறந்த ஜேம்ஸ் வான் ‘தி கான்ஜுரிங்’ படத்தில் இருட்டுக்குள்ளிருந்து இரண்டு கைகளைத் தட்ட வைத்தார், அதுவும் அருமைதான். ஆனால் அந்தக் கைகள் யாருடையவோ. இந்த மணி அம்மாவுடையது.

மலாய்ப் பேய்க்கும் நமக்கும் உறவு நெருக்கம். 1957-ல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்து, மரியா மெனாடோ நடித்த ‘பொந்தியானாக்’ (பிரசவத்தில் செத்துப் பேயான பெண்) படத்தை இயக்கியவரே இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். தோட்டத்தில் இருந்த காலத்தில் என் பாட்டி விடியற்காலை நான்கரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போவார். நடு வழியில் பொந்தியானாக் வரும் அடையாளமான கெம்போஜா பூ வாசம் அடித்தால் "யாரும் வாசத்தைப் பத்திப் பேசாதீங்க, குனிஞ்ச தலை நிமிராம நடங்க" என்பார்களாம். முனியாண்டியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள், ஆனாலும் பொந்தியானாக்குக்குப் பயம். காட்டில் யார் பேய் என்று இனம் பார்க்க முடியாது.

அந்தக் காட்டுப் பயத்தைத் திரையில் நான் பார்த்தது எமிர் எஸ்வான் இயக்கிய ‘ரோஹ்’ படத்தில். 2020 ஆகஸ்டில், ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி உட்காரச் சொன்ன கோவிட் காலத்தில் பார்த்தேன். காட்டுக்குள் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். உடம்பெல்லாம் மண் பூசிய ஒரு சிறுமி பிள்ளைகள் பின்னாலேயே வீடு வந்து சேர்கிறாள். குளிப்பாட்டிச் சோறு போடுகிறார்கள். அடுத்த பௌர்ணமிக்குள் நீங்கள் எல்லாரும் சாவீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் மூலதனம். உதவி செய்ய வருகிறவர்களில் யாரை நம்புவது என்று தெரியாமல் அந்தத் தாய் தவிப்பதுதான் மீதிப் படம். அந்த வருடம் மலேசியா ஆஸ்கருக்கு அனுப்பியதும் இதையே. அவசரப்படாமல் நகரும் படம், பொறுமை இல்லாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இந்தோனேசியப் படத்துக்கும் இதற்கும் போட்டி வைத்தால் மயிரிழையில் அந்த மணியைத்தான் தேர்வு செய்வேன். ‘ரோஹ்’ படத்தில் காட்டை அறிந்த அளவுக்கு அந்தத் தாயை நான் அறியவில்லை.

ஆகவே, பெரியவர்கள் மட்டும் இருந்தால் ‘பெங்காப்டி சேத்தான்’. அத்தை, சித்தி, எட்டு வயதுப் பொடிசுகள் எல்லாரும் ஒன்றாகக் கூடினால் ‘காஞ்சனா’வோ காங்கோ, கைதட்டலோடு பார்க்கலாம். 13 வயதுப் பையனுக்கு இந்தோனேசிய, மலாய்ப் பேய்களைக் கொடுத்து அக்காவிடம் திட்டு வாங்க நான் தயாரில்லை.

சனிக்கிழமை ‘மைனஸ் ஒன்’ போட்டேன். முதல் அரை மணி நேரம் நெளிந்தான், "எப்போ மாமா வரும்?" என்று இரண்டு தடவை கேட்டான். கின்சாவில் போனைக் கீழே வைத்தான். கடைசியில் எல்லாப் படகுகளும் சாகாமி விரிகுடாவில் காட்ஸில்லாவைச் சுற்றி வளைத்து நிற்கும்போது, நான் திரையை விட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருக்க, அவன் என் தோளைத் தட்டினான்.

"மாமா, அந்தப் பாப்பா இப்போ யார் கூட இருக்கு?"

"பக்கத்து வீட்டு சுமிக்கோகிட்ட விட்டுட்டு வந்திருக்கான்."

"சாப்பாடெல்லாம் குடுப்பாங்கதானே?" என்றான்.