மதுரை ஏர்போர்ட்டிலிருந்து மாசி வீதிக்கு: கார் பேசி வைத்துப் போகும் அனுபவம்

மும்பையில் என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் போக முன்கூட்டியே கார் பேசி வைக்கத்தான் வேண்டுமா? மீனாட்சி அம்மன் கோயில் வரை சுமார் 12 கிலோமீட்டர்தான். இறங்கி வெளியே வந்தால் டாக்சி நிற்கிறது, கையில் ஆப் இருக்கிறது, அவசரம் இல்லையென்றால் பெருங்குடிக்குப் போய் டவுன் பஸ்கூடப் பிடித்துவிடலாம்.

இந்த வழியில் பல வருடங்களாக வந்து போகிறவள் நான். ஒரு பையோடு தனியாக வந்து அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. ஆப்பில் வண்டி போட்டுப் போய்விடலாம். வயதானவர்களையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளுக்குள் போகிறவர்கள் மட்டும் கட்டாயம் பேசி வையுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து பழைய ஊரின் தெற்கே இருக்கும் தெற்கு வாசல் பகுதி வரை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கப்புறம் இருக்கும் கொஞ்ச தூரத்துக்குத்தான் தெரிந்த டிரைவர் வேண்டும்.

எங்கள் வீடு கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. மதுரையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயிலைச் சுற்றி சித்திரை வீதிகள், அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியாக வெளி வீதிகள் என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் போகும். சித்திரை வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. அதற்கு வெளியே ஒருவழிப் பாதைகள். கீழமாசி வீதியில் மொத்த வியாபார மளிகைக் கடைகள் வரிசையாக இருப்பதால் மினி லாரிகள் மூட்டை இறக்கிக்கொண்டே நிற்கும். மேப்பைப் பார்த்து ஓட்டுகிற டிரைவருக்கு எங்கள் சந்து நாலு நிமிடத் தூரம் என்று காட்டும். அந்த நாலு நிமிடத்துக்குள் ஒரு தடுப்பு இருக்கும், இல்லையென்றால் மிளகாய் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி குறுக்கே நிற்கும்.

ஆரம்பத்தில் நானும் ஆப்பைத்தான் நம்பியிருந்தேன். மதுரையில் ஆப் டாக்சி மோசம் என்று சொல்ல மாட்டேன், பகலில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் புக் ஆனதும் டிரைவர் கூப்பிட்டு "எங்க போகணும்?" என்பார். கீழமாசி வீதி என்றதும் ஒரு நொடி அமைதி. அப்புறம் "கேஷா, ஆன்லைனா?" அதற்கப்புறம் புக்கிங் ரத்தாகியிருக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏர்போர்ட் சவாரிக்காக வெகுநேரம் காத்துக் கிடந்துவிட்டு, ஆப்புக்குக் கமிஷன் போக மிஞ்சும் காசுக்கு கீழமாசி வீதிப் பக்கத்து விளக்குத்தூண் நெரிசலில் அரை மணி நேரம் மாட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? திரும்பி ஏர்போர்ட்டுக்குக் காலியாகத்தான் போக வேண்டும். அவர் கணக்கு அவருக்குச் சரி. ராத்திரி கடைசி விமானத்தில் வந்து இறங்கி, முழங்கால் ஆபரேஷன் செய்த அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால்தான் முடியவில்லை.

வெளியே நிற்கும் டாக்சியில் ரத்து என்ற பேச்சே இல்லை, அந்த வகையில் நிம்மதி. ஆனால் வரிசையில் முதலில் நிற்கிற வண்டிதான் நமக்கு. அம்மாவுக்கு இன்னோவா மாதிரி உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைத்து ஏற முடியாது. டிசையர் மாதிரித் தாழ்ந்த வண்டியின் முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தால் முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் வரிசையில் நிற்கும் டிரைவர்களிடம் விளக்கிச் சொல்வதற்குள் பின்னால் வந்தவர்கள் ஏறிப் போய்விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஒருமுறை வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் டாலரில் பணம் கட்டி முன்பதிவு செய்துகொண்டு குடும்பத்தோடு வந்தான். பெயர்ப் பலகையோடு ஆள் நிற்பார், கட்டணம் மாறாது, விமானம் தாமதமானாலும் காத்திருப்பார்கள் என்றெல்லாம் போட்டிருந்தது. பலகையோடு ஆளும் நின்றார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தளம் வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்து, அந்தக் கம்பெனி உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றிடம் கொடுத்து, அவர்கள் தங்களிடம் வண்டி இல்லாமல் இன்னொருவரைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அவருக்கு வந்த தகவல் "டெம்பிள் ஏரியா" என்ற இரண்டு வார்த்தைதான். தெற்கு வாசல் மேம்பாலம் ஏறி இறங்கியதும் "இதுக்கு மேல வண்டி போகாது சார், ஆட்டோ பிடிச்சுக்குங்க" என்று தெற்கு வெளி வீதியிலேயே பெட்டிகளை இறக்கிவிட்டார். இரண்டு ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். கிளம்பும்போது அந்த டிரைவரே தன் கைக்கு வரும் தொகையைச் சொல்லியிருக்கிறார். தம்பி கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. புகார் எழுதியதற்கு, நகர மையத்தில் இறக்கிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. நகர மையம் என்பதற்குள் என் வீடு இருக்கிறதா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. இப்படித் தளங்களில் பதிவு செய்பவர்கள், இறங்கும் இடத்தை வீதிப் பெயரோடு, எந்த முனை என்பது வரை எழுதிக் கொடுங்கள். டிரைவரின் பெயரும் நம்பரும் முந்தின நாளே வரவில்லையென்றால் அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்போது நான் நம்பியிருப்பது எதிர்வீட்டு மாமா மூலம் கிடைத்த ஒரு டிரைவரை. சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார். அவருக்கு நான் அனுப்புவது விமானத்தின் எண்ணை மட்டும். நேரத்தைச் சொன்னால் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வந்து நின்றுவிடுவார். எண்ணைக் கொடுத்தால் போனிலேயே பார்த்து, விமானம் கிளம்பத் தாமதமானால் அவரும் வீட்டை விட்டுத் தாமதமாகக் கிளம்புகிறார். ஏர்போர்ட் பார்க்கிங்கில் காசு கொடுத்துக் காத்திருக்காமல் வெளியே ரோட்டோரம் நிற்பார். நான் போனை ஆன் செய்ததும் கூப்பிடுவார். "எறங்கிட்டீங்களாம்மா? பெட்டி வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, வாசலுக்கு வந்துடுறேன்." மதுரை சின்ன ஏர்போர்ட், பெட்டி சீக்கிரம் வந்துவிடும். மிஸ்டு கால் கொடுத்து, அம்மாவை நடத்திக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதற்கும் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

முன் கதவுக்குக் கீழே அவர் ஒரு மரப்பலகை போடுவார். ஒரு சாண் உயரம்கூட இருக்காது, வழுக்காமல் இருக்க மேலே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணியடித்திருக்கிறார். அம்மா அதில் ஒரு காலை வைத்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். யாரும் கேட்காமல், அம்மா முதல் தடவை ஏறச் சிரமப்பட்டதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவைக்குச் செய்துகொண்டு வந்தது. எந்த ஆப்பிலும் இந்தப் பலகையைப் புக் செய்ய முடியாது.

பாதையிலும் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. பெருங்குடி, அவனியாபுரம், வில்லாபுரம், தெற்கு வாசல் என்பதுதான் நேர்வழி. சாயங்காலம் வில்லாபுரத்தில் நெரிசல் என்று தெரிந்தால் மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர் வழியாகத் தெப்பக்குளம் வந்து, காமராசர் சாலையில் கீழமாசி வீதிப் பக்கம் நுழைகிறார். கிலோமீட்டர் கூடும், அதற்குத் தனியாகக் கேட்டதில்லை. சரக்கு இறக்கும் நேரமாக இருந்தால் சந்துக்கு முன்பே ஒரு கடை வாசலில் நிறுத்தி, கடைக்காரரிடம் "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் வரை வருவார்.

திருவிழா நாளில் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தைப்பொங்கல் அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு, ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே அந்த ஊர் இருக்கிறது. அன்றைக்குப் போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள், ரிங் ரோட்டில் சுற்றி வருவதுதான் உத்தமம். சித்திரைத் திருவிழாவில் காலையும் மாலையும் சுவாமி மாசி வீதிகளில் புறப்பாடு வரும். தேரோட்டத்தன்று கேட்கவே வேண்டாம், வெளி வீதியோடு வண்டியை மறந்துவிட்டு நடக்க வேண்டியதுதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நெரிசல் எல்லாம் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம். வைகைக்கு வடக்கே போகிறவர்கள் ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டிலேயே மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்புவது நல்லது. தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் காரை விடவே மாட்டார்கள். இந்த நாட்களில் வருகிறீர்கள் என்றால் டிரைவரிடம் "எந்த வழியா வருவீங்க?" என்று முதலிலேயே கேளுங்கள். உடனே பதில் சொல்கிறவரைப் பேசிக்கொள்ளலாம்.

எந்த டிரைவரைப் பேசினாலும் வண்டி டி-போர்டா, அதாவது வாடகைக்கு ஓட்டப் பதிவு செய்ததா என்று கேட்டுவிடுங்கள். மஞ்சள் நம்பர் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் என்று சொல்லி வெள்ளை போர்டு காரை நூறு இருநூறு குறைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்த காரில் வாடகைக்கு ஆள் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. அம்மா அப்பாவை ஏற்றி அனுப்பும்போது இந்த நூறு ரூபாயைப் பார்க்க வேண்டாம்.

காசு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் கொடுப்பது பகலில் சுமார் 700 ரூபாய், ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால் 100 கூடுதல். ஆப்பை விட நிச்சயம் அதிகம்தான். ஒரு மணி நேரம் வரை காத்திருப்புக்குக் கேட்பதில்லை. இதை முதலிலேயே பேசிக்கொண்டோம், நீங்களும் பேசிக்கொள்ளுங்கள். துபாய், சிங்கப்பூர், கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இந்தக் காத்திருப்பை இன்னும் கவனமாகப் பேச வேண்டும். இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடித்து வெளியே வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். எங்கள் வீட்டில் தம்பி வரும்போது விமானம் இறங்கி முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறோம்.

இதில் எனக்கு இருக்கும் மனக்குறைகளையும் சொல்ல வேண்டும். தனி ஒருவரை நம்பினால் அவருக்கு முடியாத நாளில் நாமும் நிற்க வேண்டியதுதான். கார்த்திகை, மார்கழியில் டி-போர்டு வண்டிகள் பாதிக்கு மேல் சபரிமலைக்குப் போய்விடும். பெரிய முகூர்த்த நாட்களிலும் இதே கதை. அவர் வேறு ஒருவரை அனுப்புவார், வருகிறவர் நல்லவராகவே இருந்தாலும் பலகையும் வராது, கடைக்காரரைத் தெரிந்திருக்கவும் மாட்டார். அந்த மாதிரி நேரத்தில் வரப்போகிறவரின் பெயர், வண்டி நம்பர், போன் நம்பர் மூன்றையும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி அம்மாவுக்கும் அனுப்பி வைத்துவிடுகிறேன். ராத்திரி தனியாக வரும் பெண்கள் எந்த வண்டியாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், லைவ் லொகேஷனையும் வீட்டுக்குப் போட்டுவிடுங்கள். அப்புறம் பில். ஆபீஸில் காட்டிப் பணம் வாங்க வேண்டும் என்றால் இவரிடம் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டுதான் கிடைக்கும். அதை ஏற்காத ஆபீஸ் என்றால் ரசீது தரும் டிராவல்ஸ் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்துக்கும் அதே வண்டியை வந்த அன்றே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஊருக்குள்ளிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆப்பில் சுலபமாக வண்டி கிடைக்கிறது என்றாலும், சந்துக்குள்ளிருந்து பெட்டிகளையும் அம்மாவையும் கீழமாசி வீதிக்குக் கொண்டுவந்து, மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவில் ஆப் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடுவது பெரும்பாடு. காலை விமானம் என்றால் ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் ரோடு காலியாக இருக்கும். மாலை விமானம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு முன்பே கிளம்பச் சொல்வார், நானும் மறுப்பதில்லை. வில்லாபுரத்தில் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் செக்-இன்னுக்குத் தாராளமாக நேரம் இருக்கிறது.