எல்.இ.டி. போட்ட புரொஜெக்டரும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும்

கடலூர் நண்பர் ஒருவர் புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய 8 மி.மீ. பிலிம் புரொஜெக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஹாலோஜன் பல்பின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், "நீங்கள் எல்.இ.டி. மாட்டி ஓட்டுகிறீர்களே, எப்படி இருக்கிறது? நானும் மாற்றிவிடட்டுமா?" என்று எழுதியிருந்தார். மாற்றிவிடுங்கள் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அந்தச் சொல்லை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையதன் முகப்பில் இருப்பது பிரெஞ்சுக் கடையொன்றின் பெயர். உள்ளே எல்லாமே ஜப்பான் வேலை. ஸ்டாண்டர்டு 8, சூப்பர் 8 என்ற இரண்டு வகை 8 மி.மீ. பிலிமும் ஓடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியப்பா ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்போம். மற்ற சொல்தா வீடுகளுக்கு வானொலியும் தையல் இயந்திரமும் வந்து இறங்கின. எங்கள் வீட்டுக்கு இது வந்தது. அவர் காலத்துக்குப் பிறகு இரும்புப் பெட்டிக்குள் போன இயந்திரம், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மாடி ஓடுகளைப் பிய்த்தெறிந்த பிறகுதான் மறுபடி வெளிச்சத்தைப் பார்த்தது. பெட்டிக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் சில ரீல்களைத் திறந்தவுடன் காடி வாடை மூக்கில் ஏறியது. அசிட்டேட் பிலிம் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். கடலோரத்தில் இதற்குத் தப்பிய ரீல் கிடைப்பதே அதிர்ஷ்டம். வாடை வந்தவற்றை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது; அந்த ஆவி பக்கத்திலிருக்கும் ரீல்களையும் கெடுத்துவிடும்.

பழுது பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் தார்போல உருகிக் கப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதுதான் இந்த வேலையிலேயே அருவருப்பான பகுதி. பதிலுக்கு, இயந்திர உதிரிபாகக் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் பச்சை நிறப் பாலியூரித்தேன் பெல்ட்டை வாங்கி, இரு முனைகளையும் சூடாக்கி ஒட்டினேன். இன்றுவரை அது அசையவில்லை. கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். மோட்டாரை, காயில் கட்டும் கடைக்காரர் பார்த்துவிட்டு "இதற்கு ஒன்றுமில்லை, இன்னும் நாற்பது வருடம் ஓடும்" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். லென்ஸில் படர்ந்திருந்த பூஞ்சையைக் கேமரா பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எடுத்தேன். நண்பருக்கு ஒன்றே ஒன்று: மின்சாரம் கொடுக்கும் முன் வோல்டேஜ் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து இயந்திரங்களில் 110 முதல் 240 வரை மாற்றிக்கொள்ளலாம். முந்தைய உரிமையாளர் எதில் விட்டுப்போனார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

இனி வெளிச்சம்.

இதில் வந்தது 12 வோல்ட், 100 வாட் ஹாலோஜன் பல்ப், கண்ணாடிக் கிண்ணத்தோடு கூடியது. ஏறத்தாழ 50 மணி நேரம்தான் ஆயுள். அந்தக் கிண்ணம் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பின்பக்கம் விட்டுவிடும். அப்படியிருந்தும் கேட்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தில், நிற்கும் பிலிம் சூட்டில் வளையும். வளைந்தால் கூர்மை போகும். லென்ஸைத் திருப்பிச் சரிசெய்வதற்குள் காட்சி போய்விடும். சித்திரை வெயிலில் சன்னல்களை அடைத்து, திரைத்துணி ஆடுகிறதென்று மின்விசிறியையும் நிறுத்தி, இந்த அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படம் பார்க்கச் சொந்தக்காரர்கள்தான் வருவார்கள். அவர்களும் ஒருமுறைதான் வருவார்கள்.

எல்.இ.டி.க்கு மாறியது இதனால்தான். மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஏமாறுவது வாட் கணக்கில். ஸ்டாண்டர்டு 8 படச்சட்டம் சுமார் 4.5 மி.மீ. அகலம், 3.3 மி.மீ. உயரம். சூப்பர் 8 அதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பரந்த 100 வாட் எல்.இ.டி. தகட்டை இதற்குப் பின்னால் வைப்பது, அண்டாத் தண்ணீரை மைப்புட்டிக்குள் கவிழ்ப்பதைப் போன்றது. எவ்வளவு லென்ஸ் வைத்தாலும் அந்த அகலத்தை இந்தத் துளைக்குள் குறுக்க முடியாது. இது ஒளியியல் போட்ட எல்லை. வேண்டியது சிறிய பரப்பிலிருந்து அடர்த்தியாக ஒளிவிடும் ஒன்று, அதன் முன்னால் நல்ல குவிலென்ஸ் ஒன்று. வாட் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. இருட்டறையில் ஒரு மீட்டர் அகலப் படத்துக்கு என்னுடையது தாராளமாகப் போதும்.

அடுத்தது துடிப்பு. புரொஜெக்டரில் ஒளியை மறைத்து மறைத்து விடும் ஷட்டருக்கு மூன்று இறக்கைகள். நொடிக்கு 18 படங்கள் ஓடினால் திரையில் 54 முறை ஒளி வந்து போகும்; கண் அதை ஏற்றுக்கொள்ளும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சுற்று மட்டமானதாக இருந்தால், ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 54இன் இருமடங்கு 108. அதற்கும் 100க்கும் இடைவெளி 8. ஆக, திரை நொடிக்கு எட்டு முறை மூச்சு வாங்கும். ஹாலோஜனில் இது தெரியாது, ஏனென்றால் சூடான இழை அவ்வளவு வேகமாகக் குளிராது. எல்.இ.டி. ஈவிரக்கமில்லாமல் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பல்புக்கான 12 வோல்ட் சுற்றிலிருந்தே எடுத்து, ரெக்டிஃபையரும் பெரிய கெப்பாசிட்டரும் போட்டு, துடிப்பில்லாமல் நிலையான மின்னோட்டம் தரும் டிரைவரை வைத்த பிறகு இது ஒழிந்தது. ஒளியைக் குறைக்கும் திருகு வைத்த டிரைவர்களில் பல, வெளிச்சத்தை வேகமாக அணைத்து ஏற்றித்தான் குறைக்கின்றன. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள்.

இவ்வளவும் சரியானபின் கிடைத்த ஆனந்தத்தை மறைக்கக் கூடாது. படத்தை நிறுத்திப் பார்க்கலாம்! ஹாலோஜனில் வெப்பத் தடுப்பு வலை இறங்காமல் ஒரு படத்தை நிறுத்தினால் நடுவில் பழுப்புக் குமிழி கிளம்பி ஒரு முகம் போய்விடும். எல்.இ.டி. வந்தபின் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் வந்து நிற்கும் காட்சியை நிறுத்தி, கூட்டத்தில் யார் யார் என்று அம்மா விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். 15 மீட்டர் சூப்பர் 8 ரீல் ஓடி முடிய மூன்று நிமிடம் இருபது விநாடி. எங்கள் வீட்டில் அது முக்கால் மணி நேரம் ஓடியது. அத்தனையையும் ஸ்கேன் செய்து பென் டிரைவில் வைத்திருக்கிறோம். அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரே படத்தில் நெடுநேரம் நிற்கவும் வேண்டாம். பெரியப்பா எடுத்ததெல்லாம் கோடாக் கம்பெனியின் கோடாகுரோம் வண்ணப் பிலிம். இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகளுக்கு அதன் நிறம் குலையாது; புரொஜெக்டர் ஒளியில்தான் அது வெளிறும். 2009இல் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது.

சூடு இல்லை. பிலிம் வளைவதில்லை. பல்ப் போய்விடுமோ என்ற பயம் இல்லை. மின்விசிறிச் சத்தம்கூடத் தொந்தரவாகத் தெரியவில்லை. இவ்வளவு இருந்தும் ஏன் முகத்தைச் சுளிக்கிறேன்?

தொப்பி.

கடற்கரைச் சாலையில் எடுத்த ரீல் ஒன்றில் போலீஸ்காரர் ஒருவர் நடந்து போகிறார். புதுச்சேரிக் காவலரின் தலையில் இருக்கும் பிரெஞ்சு பாணிச் சிவப்புத் தொப்பியை யாருக்கும் வருணிக்க வேண்டியதில்லை. இன்றும் காந்தி சிலைப் பக்கம் போனால் பார்க்கலாம். ஹாலோஜனில் அந்தச் சிவப்பு திரையை விட்டு எழுந்து வரும். முதலில் மாட்டிய வெள்ளை எல்.இ.டி.யில் அது செங்காவிக்கும் பழுப்புக்கும் நடுவே எங்கோ செத்துக் கிடந்தது. பெரியம்மாவின் கூறைப்புடவை காய்ந்த வெற்றிலைச் சாறு. நெற்றிக் குங்குமம் சாந்துப்பொட்டு. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் காமாலை. அம்மாவுக்கு வாட்டும் தெரியாது, ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வினும் தெரியாது. "இது அக்கா புடவை இல்லையே" என்றார்.

காரணம் மாயமில்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு. அந்தப் பூச்சு பச்சையையும் மஞ்சளையும் வாரிக் கொடுக்கும், அடர்சிவப்பில் கஞ்சத்தனம் செய்யும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அந்த எட்டில் இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சி.ஆர்.ஐ. 80 வாங்கிய எல்.இ.டி., ஆர்9இல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். எட்டுப் பாடத்தின் சராசரியைக் காட்டித் தேர்ச்சி வாங்கிவிடுகிறது. ஒன்பதாவது பாடத்தில்தான் எங்கள் வீட்டுக் கல்யாணமே இருக்கிறது.

அடுத்து மாட்டியது 3200 கெல்வின், சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9உம் உயர்ந்தது. வித்தியாசம் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முகங்களில் ரத்தம் ஓடுகிறது, குங்குமம் குங்குமமாக இருக்கிறது. வெளிச்சம் சற்றுக் குறைந்தது, போகட்டும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். ஹாலோஜனில் பார்க்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தொப்பி இன்னும் முழுதாக எழுந்து வரவில்லை. விளிம்பில் சுடர் இல்லை. தரவுத்தாளைக் காட்டி எனக்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். நான் சாயங்காலத்தில் கடற்கரைக்குப் போய் அசலைப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன்.

இயந்திரத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் எவரோ ஜப்பானில் பூட்டிய பற்சக்கரம் இன்றும் பிலிமின் ஒரு துளையைக்கூடக் கிழிக்காமல் இழுக்கிறது. எல்.இ.டி.யையும் நியாயமாகக் குறை சொல்ல முடியாது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு வரியிலும் அதுவே ஜெயிக்கிறது. அதனால் நண்பருக்கு என் பதில்: தாராளமாக மாற்றுங்கள், ஆர்9 பார்த்து வாங்குங்கள்.

நானோ, போன பொங்கலுக்குப் பழைய பல்ப் தாங்கியை மறுபடி மாட்டிவிட்டேன். சுங்க வரியும் அஞ்சல் செலவும் கொடுத்து இரண்டு ஹாலோஜன் பல்புகளும் வரவழைத்தாயிற்று. வியர்த்துக்கொண்டுதான் பார்க்கிறோம். நிறுத்திப் பார்க்கும் வசதி போனதில் அம்மாவுக்கு வருத்தம், எனக்கும்தான். சி.ஆர்.ஐ. 95 தகடும் குவிலென்ஸும் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கின்றன. கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தால் நண்பர் எடுத்துக்கொண்டு போகலாம். டிரைவரை மட்டும் தர மாட்டேன். என் மனம் மறுபடி மாறக்கூடும்.